தோள் கொடுப்போர்

அயல் மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இப்பகுதிக்கு மாதந்தோறும் கடிதங்கள் வருவதுண்டு. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று வருந்துவார் ஒருவர். பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க வழி யாது என்பார் மற்றொருவர். நாம் இரயில்வே எழுத்தர் என்பதை அறிந்து, பொங்கலுக்கு ஊர் செல்ல இடம் பதிவு செய்து தர இயலுமா என்று உரிமையோடு வினவுவாரும் உளர். அவற்றுக்கெல்லாம் நமக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியே வந்துள்ளோம். ஆயினும் மூன்று திங்களுக்கு முன்னர் வந்த ஒரு கடிதத்திற்கு மட்டும் விடை எழுத மனம் துணியாமல், அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். அக்கடிதத்தைப் பற்றியும், அதற்கு விடை கிடைத்த வகையைப் பற்றியுமே இம்மாதம் எழுத முற்படுகின்றோம்.

எழுதியவர் ஓர் இளைஞர். திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் அவ்வூர்ச் சபையில் உபதேசியாராக இருந்து மறைந்தவர். மகன் இப்போது மேற்குக் கரையிலுள்ள ஒரு தொழில் நகரில் பட்டறை வேலை பார்க்கிறார். ஓர் அறையில் ஐவர் தங்கியிருக்கின்றனர். இரவில் படுக்குமுன் முழந்தாளிட்டு ஜெபிப்பது அவருக்கு இளமை முதல் உள்ள பழக்கம். அறைத் தோழர்கள் முதலில் சிரித்தார்கள். பின்னர் அவர் கண் மூடியதும் தலையணையை எடுத்து எறிந்தார்கள். ஒரு நாள் அவருடைய வேதாகமத்தை ஒளித்து வைத்துவிட்டு, “உன் சாமியிடமே கேட்டுக் கண்டுபிடி” என்றார்களாம். ஞாயிறு மாலைகளில் நான்கு தமிழ்க் குடும்பத்தார் ஒரு வீட்டில் கூடிக் கீர்த்தனை பாடி வந்தனர். ஊராரை மதம் மாற்றவே இக்கூட்டம் என்று அக்கம்பக்கத்தார் முறையிட, கூட்டத்தை நிறுத்துங்கள், இல்லையேல் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் கூறிவிட்டார். கூட்டம் நின்றது. ஊரிலோ தாயாருக்கு நோய்; தமக்கையின் திருமணக் கடன் இன்னும் தீரவில்லை.

இவ்வளவும் எழுதிய பின் இறுதியில் அவர் கேட்டிருந்தது இதுதான்: “இப்பொழுதெல்லாம் போர்வைக்குள் படுத்தபடியே ஜெபிக்கிறேன் ஐயா. இது கோழைத்தனந்தானா? எனக்கு ஊக்கமாக ஒரு வார்த்தை எழுதுங்கள்.”

இந்த ஒரு வார்த்தைதான் நம்மிடம் இல்லாமற் போயிற்று. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சங்க ஏட்டில் ஒரு சமயத்தாரின் துன்பத்தை எழுதலாகுமா என்று நமக்கு நாமே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவன்று. நாமும் அச்சமயத்தில் பிறந்தவரே. ஈராண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நம் இளைய மகன், நான்கு வயதுச் சிறுவன், மூன்று நாட் காய்ச்சலில் மறைந்தான். அதன்பின் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குப் போகாமலில்லை. ஆனால் பாட்டுப் புத்தகத்தைக் கை பிடித்திருக்கும், வாய் திறவாது. அலுவலகத்தில் ஒருவர், தீய எண்ணத்தோடு கேட்டார் என்று நாம் கருதவில்லை, “இத்தனை ஜெபம் செய்தீர்களே, என்ன பயன் கண்டீர்கள்?” என்று கேட்டார். அவருக்கும் நாம் விடை சொல்லவில்லை. குடத்தில் நீர் இல்லாதவன் தாகத்தோடு வருபவனுக்கு எதை வார்ப்பான்? ஆகையால்தான் கடிதம் இழுப்பறையில் கிடந்தது.

சென்ற மாதம் அலுவல் நிமித்தம் ஹௌராவுக்குச் செல்ல நேர்ந்தது. கொண்டுசென்ற கணக்குப் புத்தகங்களை நண்பகலுக்குள் ஒப்படைத்தாயிற்று. திரும்பும் வண்டியோ இரவில். இடைப்பட்ட பொழுதைப் போக்கும் பொருட்டு உள்ளூர் வண்டியில் ஏறி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீராம்பூரில் இறங்கினோம். வங்காளத்தில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அவ்வூரை வண்டிச் சாளரத்தின் வழியே கண்டதன்றி இறங்கிக் கண்டதில்லை. ஹூக்ளி நதிக்கரையில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் பழைய கல்லூரியையும், சற்று அப்பாலுள்ள கல்லறைத் தோட்டத்தையும் கண்டோம். அத்தோட்டத்தில் வில்லியம் கேரியின் கல்லறை இருக்கின்றது. தம் கல்லறையில் புகழுரை எதுவும் பொறிக்கலாகாது, பெயரும் நாளும் தம் எளிமையைக் கூறும் சில சொற்களுமே போதும் என்று அவர் சொல்லிச் சென்றார் என்பர். அங்கே நின்றபோது எழுந்த எண்ணங்களையும், திரும்பிய பின் நூல்களைத் தேடிப் படித்தறிந்தவற்றையும் இனிச் சொல்லுகின்றோம்.

கேரி என்றதும் நாற்பது மொழிகளுக்கு மேல் வேதாகமப் பகுதிகளை அச்சேற்றிய அச்சகமும், 1818இல் நிறுவிய கல்லூரியும் நினைவுக்கு வரும். வெற்றி பெற்றவரின் வரலாறு எப்பொழுதும் வெற்றியிலிருந்தே பின்னோக்கிச் சொல்லப்படுகிறது. ஆனால் 1793ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்கத்தாவில் வந்திறங்கியபோது அவர் யார்? இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் செருப்புத் தைத்துப் பிழைத்து, பின் போதகரான ஓர் ஏழை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு அவரிடம் இல்லை. கையிலிருந்த பணம் சில வாரங்களில் கரைந்தது. வடக்கே மதனாவதி என்னும் ஊரில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்க்கும் வேலையை ஏற்றுப் பிழைத்தார். அங்கே 1794ஆம் ஆண்டில் பீட்டர் என்னும் அவர் மகன் வயிற்றுக்கடுப்பு நோயால் மறைந்தான். அவனுக்கு வயது ஐந்து. சாதித் தீட்டுக்கு அஞ்சி அவ்வூரார் ஒதுங்கியதால் குழந்தையை அடக்கம் செய்ய ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. தாய் டோரதியின் மனம் பேதலித்தது. 1807இல் இறக்கும் வரையில் அவ்வம்மையார் தெளிவடையவேயில்லை. இத்தனைக்கும் நடுவில் ஏழாண்டுகள் கேரி போதித்தார். வங்காளிகளில் ஒருவரும் அவர் சொல்லை ஏற்று முன்வரவில்லை.

அக்கல்லறை முன் நின்றபோது நமக்கு நினைவில் எழுந்தது அந்த ஐந்து வயதுச் சிறுவனே. அதற்குமேல் அதைப்பற்றி எழுத நம்மால் ஆகவில்லை, அன்பர்கள் உணர்ந்துகொள்வார்கள்.

கம்பெனியார் தம் ஆட்சிப் பகுதியில் மிஷனெரிமார்க்கு இடந்தர மறுத்ததால், 1800ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கேரி ஸ்ரீராம்பூருக்கு வந்து சேர்ந்தார். அவ்வூர் அன்று டேனிஷ்காரர் வசம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த ஆசிரியர் மார்ஷ்மன், அவர் மனைவி ஹன்னா, அச்சுத் தொழில் வல்ல வார்டு ஆகியோர் அவரோடு ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். டேனிஷ் ஆளுநர் கர்னல் பீ அவர்களுக்கு அரணாக நின்றார். இங்கே தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்ரீராம்பூரும் நம் சோழநாட்டுத் தரங்கம்பாடியும் அந்நாளில் ஒரே டேனிஷ் ஆட்சியின் கீழிருந்த ஊர்கள். 1845இல் இரண்டும் ஒருங்கே ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரை 1708இல் அவ்வூர் டேனிஷ் அதிகாரியே நான்கு மாதம் சிறையில் வைத்தார். அதே ஊரில் பின்னாளில் தொண்டாற்றிய சுவார்ட்ஸ் ஐயரின் போதனையைக் கர்னல் பீ தரங்கம்பாடியில் வாழ்ந்த காலத்தில் கேட்டவர் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். முன்னவர் காலத்தில் சிறைக்கதவைப் பூட்டிய ஆட்சி, ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பின்னவர்களுக்குக் காவலாக நின்றது. தமிழ் மண்ணில் ஒருவர் பொறுமையோடு விதைத்தது வங்க மண்ணில் மற்றொருவர்க்கு நிழல் தந்தது. சுவார்ட்ஸ் ஐயர் அதைக் காணவில்லை. 1798இலேயே அவர் மறைந்துவிட்டார்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றோம். 1800ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஸ்ரீராம்பூர்த் தச்சர் ஒருவர் ஆற்றுக்கு நீராடச் சென்றபோது வழுக்கி விழுந்தார். தோள் மூட்டு நழுவிவிட்டது. அவர் பெயர் கிருஷ்ண பால். மிஷன் வீட்டில் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்று கேட்டு ஆள் அனுப்பினார். கேரியோடு இந்தியாவுக்கு வந்த ஜான் தாமஸ் என்னும் மருத்துவரே அவர். தாமஸ், கேரிக்கும் முன்னரே வங்காளத்தில் உழன்றவர். கடன் தொல்லையும் மனக்கொந்தளிப்பும் நிறைந்த வாழ்க்கை அவருடையது. பல்லாண்டு போதித்தும் பலன் காணாதவர். அவர் கேரி, மார்ஷ்மன் ஆகியோர் துணையோடு தச்சரின் தோளை இழுத்துப் பொருத்தினார். நோவு தணிந்தபின் அவர்கள் பேசிக்கொண்டார்கள். மிஷன் வீட்டுக்குத் தச்சர் வரத் தொடங்கினார். ஏழாண்டுப் போதனை திறவாத கதவு, ஒருவருடைய தோளை மற்றொருவர் பிடித்து நேராக்கியபோது திறந்தது. இதை நாம் பன்முறை எண்ணிப் பார்த்தோம்.

டிசம்பர் 22ஆம் நாள் கிருஷ்ண பாலும் அவர் நண்பர் கோகுலும் மிஷன் வீட்டில் எல்லார் முன்னிலையிலும் அமர்ந்து உண்டனர். சாதி போயிற்று என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு தச்சரையும் குடும்பத்தாரையும் இழுத்துக்கொண்டு நடுவரிடம் சென்றனர். டேனிஷ் நடுவர் குற்றம் எதுவுமில்லை என்று விடுவித்தார். மகளை நிச்சயித்தவனுக்குக் கொடுக்க மறுக்கிறான் என்று மறுபடியும் வழக்குக் கொண்டுவந்தனர். அப்பெண்ணின் விருப்பத்திற்கு மாறாக எதுவும் நடவாது என்று ஆளுநர் உறுதி கூறி, தச்சர் வீட்டு வாயிலில் காவலுக்கு ஒரு சிப்பாயையும் நிறுத்தினார். ஆயினும் மறு ஆண்டில் அப்பெண்ணை வலிந்து தூக்கிச் சென்றனர். ஒரு தந்தைக்கு இதனினும் கொடிய துன்பம் எது?

டிசம்பர் 28ஆம் நாள் ஞாயிறு, ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் என்று குறித்தாயிற்று. கிருஷ்ண பாலோடு கோகுலும் குடும்பத்துப் பெண்கள் இருவரும் வருவதாக இருந்தது. குறித்த நாளில் கோகுல் வரவில்லை, பெண்களும் பின்வாங்கினர். ஊரின் சினத்தைக் கண்டு எவர்தாம் அஞ்சார்? தச்சர் ஒருவர் மட்டுமே துணிந்து வந்தார். கேரியின் மகன் பீலிக்ஸோடு அவர் நீரில் இறங்கினார். கரையில் நின்ற ஆளுநர் கண்ணீர் வடித்தார் என்று அன்றைய நாட்குறிப்பு கூறுகின்றது. அதே வேளையில் மிஷன் வீட்டில் நடந்தது என்ன? இத்தனை ஆண்டுக்குப்பின் ஒருவர் வந்தாரே என்ற மகிழ்ச்சியைத் தாங்கமாட்டாமல் தாமஸின் மனம் நிலைகுலைந்து, அவரை ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தனர். மற்றோர் அறையில் டோரதி அம்மையார் அரற்றிக்கொண்டிருந்தார். ஏழாண்டு காத்திருந்து கண்ட மகிழ்ச்சியின் நாள் கேரிக்கு இவ்வண்ணமாகவே வாய்த்தது. ஒரு கண்ணில் மகிழ்ச்சி நீர், மறு கண்ணில் துயர நீர் என்பார்களே, அதுதான் அன்றைய நிலை.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இவர்களில் ஊக்கம் கொடுத்தவர் யார், பெற்றவர் யார்? தாமஸ் தச்சரின் தோளைச் சீர்ப்படுத்தினார். ஆனால் தாமஸே உள்ளம் உடைந்தவர். கேரி தச்சருக்கு வழிகாட்டினார். ஆனால் ஏழாண்டு வறண்ட கேரிக்கு உயிர் தந்தவர் அத்தச்சரே. ஆளுநர் காவல் தந்தார்; அவருக்கோ என்றோ ஒரு தமிழ்க் கடற்கரையில் கேட்ட சொல் துணை நின்றது. எவருமே நிறைகுடமாக இருந்து வார்க்கவில்லை. பாதிக்குடங்களே ஒன்றுக்கொன்று வார்த்துக்கொண்டன. ஊக்கம் என்பது தளராதவர் தளர்ந்தவர்க்கு மேலிருந்து எறியும் பிச்சை என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோம். அது தவறு. தளர்ந்தவர் தளர்ந்தவர்க்குத் தோள் கொடுப்பதே ஊக்கம்.

பின்வாங்கிய கோகுல் என்னவானார் என்று கேட்பீர்கள். அவரைக் கோழை என்று எவரும் தள்ளிவிடவில்லை. பெண்களில் ஜெயமணி என்பவர் அடுத்த மாதமே, 1801 ஜனவரியில், ஞானஸ்நானம் பெற்றார். அம்மிஷனில் ஞானஸ்நானம் பெற்ற வங்கப் பெண்களில் அவரே முதல்வர். கோகுலும் அவ்வாண்டிலேயே வந்து சேர்ந்தார். தூக்கிச் செல்லப்பட்ட மகளும் காலம் கனிந்தபோது தந்தையிடம் திரும்பி வந்தாள். கிருஷ்ண பால் தம் வீட்டருகே சிறு ஜெபவீடு ஒன்றைக் கட்டினார். பின்னர் கல்கத்தாவில் ஏழைகளிடையேயும் சிறையிலிருந்தோரிடையேயும் சென்று ஆறுதல் கூறினார். சில்லெட் வரையில் பயணம் செய்தார். 1822இல் மறையும் வரை பிறரைத் தேற்றுவதே அவர் தொழிலாயிற்று. அவர் வங்க மொழியில் இயற்றிய கீர்த்தனை ஒன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அயல்நாட்டாராலும் பாடப்பட்டது. தோள் பெற்றவர் தோள் கொடுப்பவரானார்.

எதிர்ப்பு அதோடு முடிந்துவிடவில்லை. 1806இல் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, சமய விவகாரமே காரணம் என்று அஞ்சிய கம்பெனியார் வங்காளத்தில் போதனைக்குத் தடை விதித்தனர். அதன்பின் 1812ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மாலை ஸ்ரீராம்பூர் அச்சகத்தில் தீப்பற்றியது. கதவுகளையும் சாளரங்களையும் அடைத்துத் தீயை மூச்சடக்க வார்டு முயன்றார். யாரோ ஒருவர் ஒரு சாளரத்தைத் திறந்துவிடவே, காற்றுப் புகுந்து கட்டடம் முழுவதும் எரிந்தது. கீழை மொழிகள் பலவற்றின் அச்செழுத்துகள் உருகின. தமிழ் எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். கேரி ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. கல்கத்தாவில் ஆசிரியப் பணியிலிருந்த அவருக்கு மறுநாள் காலை மார்ஷ்மன் சென்று செய்தி சொன்னார். அடுத்த ஞாயிறு கேரி, இறைவன் முன் அமைதியாக அமர்ந்திருப்பதைப் பற்றிக் கூறும் 46ஆம் சங்கீதத்தை எடுத்துப் பேசினார்.

ஆனால் அமைதி என்றால் கைகட்டி இருப்பதன்று. எரிந்த இடத்தில் சாம்பலை அரித்துத் தேடினார்கள். எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. உருகி ஓடிய ஈயத்தைச் சேர்த்து மறுபடியும் எழுத்துகளை வார்த்தார்கள். இப்பணிக்கு ஆணிவேராக இருந்த கம்மியர் மனோகர் என்பவர் தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றவர்; தம் வழிபடு கடவுளை வணங்கியே ஒவ்வொரு நாளும் வேலையில் அமர்ந்தவர் என்பர். அவர் கைத்திறனின்றி அந்த அச்சகம் எழுந்திருக்குமா? தமிழ்ப் புதிய ஏற்பாடும் 1813இல் அங்கே அச்சாயிற்று. ஒரு சமயத்தாரின் துன்பத்தில் மற்றொரு சமயத்தார் தோள் கொடுத்த இச்செய்தியை, பல சமயத்தாரும் படிக்கும் இவ்வேட்டில் குறிப்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு.

இதை எழுதும்போது நம் வீட்டில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. மகனை இழந்த நாட்களில் நம் சபையார் வந்தனர், நல்ல சொற்கள் பல கூறினர், அவர்களுக்கு நன்றி. ஆனால் அடுத்த குவார்ட்டர்ஸில் வாழும் ஆந்திர நாட்டு அம்மையார் ஒருவர், வேறு சமயத்தவர், நாற்பது நாளும் மாலையில் வந்தார். நம் மனையாளின் தலையை வாரிப் பின்னிவிட்டு, ஒரு செம்பு மிளகு ரசத்தை வைத்துவிட்டு, சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் மனையாளுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் முதன்முதலாக நம் மனையாள் வாய்விட்டு அழுதது அவர் மடியிலேதான். அழுத பின்பே ஜெபிக்கவும் தொடங்கினார். இந்த ஈராண்டாக நாம் அதைக் கண்டும் காணாதிருந்தோம். ஸ்ரீராம்பூர்த் தச்சரின் தோளைப் பற்றிப் படித்த பின்னரே, நமக்கு வார்க்கப்பட்ட நீர் எது என்று உணர்ந்தோம்.

ஆகையால் நம் குடும்பங்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றோம். முதலாவது, துன்பத்தில் இருப்பவரிடம் செல்லும்போது சொல்லைத் தேடிக்கொண்டு நிற்கவேண்டா. செய்வதற்கு ஏதேனும் ஒன்றைத் தேடுங்கள். மருத்துவமனையில் வரிசையில் நிற்பது, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, இந்தியோ மராத்தியோ வங்காளியோ அறியாதவர்க்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, ஞாயிறன்று தனியாக இருப்பவரை ஒரு வேளை உணவுக்கு அழைப்பது, இவையே பெரும்பாலும் போதும். இரண்டாவது, நாம் முழுவதும் தேறிய பின் பிறரைத் தேற்றலாம் என்று காத்திருக்கவேண்டா. நாம் மூன்று திங்கள் செய்த பிழை அதுவே. மூன்றாவது, பின்வாங்கியவரைப் பழிக்கவேண்டா. இன்று வராதவர் நாளை வரக்கூடும். நாம் இடம் வைத்திருந்தால் போதும். ஆதிச் சபையில் யோசே என்னும் ஒருவருக்கு ஆறுதலின் மகன் என்னும் பொருள்படப் பர்னபா என்று பெயரிட்டார்கள். அவர் செய்தது பெரும்பாலும் இதுவே. பிறர் நம்ப அஞ்சிய பவுலைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இடைவழியில் திரும்பிப்போன மாற்கு என்னும் இளைஞரைத் தள்ளாமல் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்.

எதிர்ப்பவரைப் பற்றியும் ஒரு சொல். அவரவர் மனச்சான்றின்படி சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு எல்லார்க்கும் வழங்கியிருக்கின்றது. வேண்டும்போது அதை நாடுவதில் தவறில்லை. ஆனால் அறைத் தோழரையும் அடுத்த வீட்டாரையும் சட்டத்தால் நண்பராக்க முடியாது. அவர்களுடைய சினத்திற்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அச்சம். தம் பிள்ளைகளை, தம் வழக்கங்களை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம். கிருஷ்ண பாலை இழுத்துச் சென்றவர்களும் கொடியவர்கள் என்பதைவிட அஞ்சியவர்கள் என்பதே பொருந்தும். அஞ்சுகிறவரிடம் உரத்துப் பேசினால் அச்சம் கூடும். அவர்க்கு ஒரு நாள் தோள் நழுவும்போது நாம் அருகில் இருந்தால் அச்சம் குறையும்.

இவற்றையெல்லாம் சுருக்கி அவ்விளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினோம். போர்வைக்குள் செய்யும் ஜெபம் கோழைத்தனமன்று என்று எழுதினோம். ஊரின் சினத்தை அஞ்சி வீட்டில் தங்கிய கோகுலையும் இறைவன் தள்ளவில்லை. அஞ்சியபடியே அவரை நோக்கித் திரும்புகிறவன் தைரியசாலியே என்று எழுதினோம். அறைத் தோழர்களில் ஒருவருக்கேனும் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுங்கள் என்றும் எழுதினோம். நான்கு குடும்பத்தாரும் ஒரே இடத்தில் கூட இயலாவிடில், ஞாயிறுதோறும் ஒருவர் மற்றொருவர் வீட்டிற்குச் சென்று வாருங்கள். இருவர் கூடி அமர்ந்து தேநீர் அருந்துவதை எவரும் தடுக்கமாட்டார் என்றும் எழுதினோம். முடிவில் நம் மகனைப் பற்றியும் எழுதினோம். அதை எவர்க்கும் எழுதுவது அதுவே முதன்முறை.

விடை பத்து நாளில் வந்தது. ஒரே பக்கம். தம் துன்பத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. “நான் இப்பொழுது இரவில் தங்கள் மனைவியாருக்காகவும் ஜெபிக்கிறேன். போர்வைக்குள்தான்” என்று எழுதியிருந்தார். அதை நம் மனையாளிடம் படித்துக் காட்டினோம். அடுத்த ஞாயிறன்று ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தை அவர் திறந்தார். நமக்கும் வாய் திறந்தது. குரல் சற்று அடைத்திருந்தது. பாடினோம்.

ஊக்கம் கேட்டு எழுதியவர் அவர். ஊக்கம் பெற்றவர் நாம். அவருடைய ஊரிலும் அதனை ஒட்டிய நகரங்களிலும் வாழும் நம் தமிழன்பர்கள், எச்சமயத்தவராயினும், தம் தெருவில் இவ்வாறு தனித்திருக்கும் இளைஞர் எவரேனும் உளரா என்று இவ்வாரமே பார்ப்பார்களாக. ஒரு வேளை உணவுக்கு அழைப்பார்களாக. பெயரும் சமயமும் பின்னர் கேட்டுக்கொள்ளலாம்.